புது சிமெண்ட் ரோட்டில் மறுநாளே விரிசல் ஏன்? 'ஜாயின்ட் கட்டிங்' நேரம் தவறினால் என்ன ஆகும்?

தெருவுக்குப் புதுசா சிமெண்ட் ரோடு போட்டு முடிச்சாச்சு. இன்னும் வண்டியே விடவில்லை. மேலே சாக்கு விரித்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அதற்குள் ரோட்டின் குறுக்கே, தலைமுடி போல ஒரு விரிசல். உடனே தெருவில் கிளம்பும் பேச்சு ஒன்றுதான்: "சிமெண்ட்ல கை வச்சுட்டாங்க."

சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல சிமெண்ட், சரியான கலவை, சரியான கனம் எல்லாம் இருந்தும் ஒரே ராத்திரியில் விரிசல் விழ இன்னொரு காரணம் உண்டு. கான்கிரீட்டில் கோடு கோடாக வெட்ட வேண்டிய வேலையை சில மணி நேரம் தள்ளிப்போட்டிருந்தாலே போதும்.

சிமெண்ட் ரோடுகளில் சில மீட்டருக்கு ஒரு முறை, அளந்து கீறியது போல குறுக்கே கோடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோட்டை எப்போது வெட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ரோட்டின் ஆயுசு இருக்கிறது. அது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

- கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். சுருங்கினால் விரிசல் வரும். அதை முழுசாகத் தடுக்க முடியாது.
- விரிசல் எங்கே வர வேண்டும் என்பதை முடிவு செய்யத்தான் கோடு வெட்டுகிறார்கள்.
- சீக்கிரம் வெட்டினால் ஓரம் சிதறும். தாமதமானால் விரிசல் முந்திக்கொள்ளும்.
- சாதாரண கட்டிங் மெஷினுக்கு, கான்கிரீட் போட்டதிலிருந்து பொதுவாக 4 முதல் 12 மணி நேரத்துக்குள்தான் அந்தச் சரியான நேரம் வரும். வெயில், காற்று, சிமெண்ட் வகை, ஜல்லி எல்லாமே அதை மாற்றும்.

கான்கிரீட் ஏன் சுருங்குது?

சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது வேதிவினை நடக்கிறது. அதில் வெப்பம் வெளியாகும். அதனால் புதிதாகப் போட்ட கான்கிரீட் முதல் சில மணி நேரத்தில் சூடாகி, அந்தச் சூட்டிலேயே இறுகுகிறது. பிறகு ராத்திரியில் குளிரும்போது சுருங்க ஆரம்பிக்கும். கலவையில் இருக்கும் கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போவதாலும் சுருக்கம் வரும்.

ஒரு சின்னக் கணக்கு. கான்கிரீட் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் குளிரும்போதும் தன் நீளத்தில் தோராயமாக 10 லட்சத்தில் 10 பங்கு சுருங்கும். கேட்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். ஆனால் 100 மீட்டர் நீள ரோடு 20 டிகிரி குளிர்ந்தால், சுருக்கம் 2 சென்டிமீட்டர்!

ரோடு சும்மா காற்றில் தொங்கிக்கொண்டிருந்தால் சுருங்கிவிட்டுப் போகும். ஆனால் அது தரையில் படுத்திருக்கிறது. கீழே இருக்கும் தளம் அதை இழுத்துப் பிடிக்கும். மேலே இருப்பது சுருங்கப் பார்க்கும், கீழே இருப்பது விடாது. இந்த இழுபறியில் கான்கிரீட்டுக்குள் இழுவிசை உண்டாகிறது.

கான்கிரீட்டின் பலவீனமே அங்கேதான். எவ்வளவு பாரத்தை ஏற்றி அழுத்தினாலும் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது. அமுக்கத்தைத் தாங்கும் சக்தியில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவைத் தாங்கும் சக்தி. அதுவும் பிறந்து சில மணி நேரமே ஆன கான்கிரீட் என்றால் சொல்லவே வேண்டாம். இழுவிசை அதன் பலத்தைத் தாண்டும் நொடியில் விரிசல் விழும்.

கோடு வெட்டினால் விரிசல் வராதா?

வரும். ஆனால் சொன்ன இடத்தில் வரும்.

மாத்திரை அட்டையில், பிஸ்கட்டில் நடுவே ஒரு பள்ளக் கோடு இருப்பதைப் பார்த்திருப்போம். அழுத்தினால் அந்தக் கோட்டில்தான் உடையும். ரோட்டிலும் அதே கதைதான். வெட்டிய இடத்தில் கனம் குறைவு என்பதால், இழுவிசை அங்கே குவியும். வெட்டின் அடியிலிருந்து கீழ்வரைக்கும் ஒரு மெல்லிய விரிசல் நேராக இறங்கும். மேலே பார்ப்பவருக்கு அது தெரியாது. நேர்க்கோடு மட்டும்தான் தெரியும்.

அதாவது நல்ல சிமெண்ட் ரோட்டிலும் விரிசல் இருக்கிறது. அது ஒழுங்காக, கோட்டுக்கு அடியில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வெட்டாமல் விட்டால் விரிசல் தன் இஷ்டத்துக்கு, கோணல்மாணலாக ஓடும். அப்படி ஓடுவதை அடைப்பது கஷ்டம். அது வழியாக மழைத்தண்ணீர் இறங்கி, அடித்தளம் இளகி, வண்டிகள் ஏறி இறங்க ஓரங்கள் உடைந்து, சில வருஷத்தில் பலகை பலகையாகப் பெயர்ந்துவிடும்.

அந்த 'சரியான நேரம்' எது?

கட்டிங் மெஷின் ஓட்டுபவருக்கு இரண்டு பக்கமும் ஆபத்து.

சீக்கிரம் வெட்டினால்: கான்கிரீட் இன்னும் ஜல்லியை இறுகப் பிடித்திருக்காது. பிளேடு ஜல்லியை அறுப்பதற்குப் பதில் பிய்த்துக்கொண்டு வரும். கோட்டின் இரண்டு ஓரமும் பல் பல்லாகச் சிதறிவிடும். பிறகு அந்த இடத்தில் சீலண்ட் ஒட்டாது. சக்கரம் ஏறும்போதெல்லாம் இன்னும் உடையும்.

தாமதமாக வெட்டினால்: ஓரம் கத்தி மாதிரி சுத்தமாக வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அதற்குள் கான்கிரீட் தானே வேறு இடத்தில் விரிந்திருக்கும். விரிந்த பிறகு பக்கத்தில் கோடு போட்டு என்ன பயன்?

இந்த இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியைத்தான் பொறியாளர்கள் 'வெட்டும் நேர ஜன்னல்' என்கிறார்கள். வெட்டினால் ஓரம் தாங்கும் என்ற அளவுக்கு இறுகியதும் ஜன்னல் திறக்கும். சுருக்கத்தின் இழுவிசை கான்கிரீட்டின் பலத்தை எட்டும்போது மூடிவிடும்.

சாதாரண நாளில் இந்த ஜன்னல் பல மணி நேரம் திறந்திருக்கும். மோசமான நாளில் மிகக் குறுகிப்போகும். சில சமயம் ஜன்னல் திறக்கும் முன்பே விரிசல் விழுந்துவிடுவதும் உண்டு. அதனால்தான் "காலைல வந்து வெட்டிக்கலாம்" என்று மெஷினை மூடிவைத்துவிட்டுப் போவது பெரிய தப்பு.

நேரத்தை மாற்றும் விஷயங்கள் என்னென்ன?

- வெயில்: சூடு அதிகமானால் கான்கிரீட் வேகமாக இறுகும். ஜன்னல் சீக்கிரம் திறக்கும், சீக்கிரம் மூடும். குளிர் காலத்தில் இரண்டுமே தள்ளிப்போகும்.
- ராத்திரி குளிர்ச்சி, திடீர் மழை: பகலில் சூடேறிய பலகை மேல் மழை கொட்டினால் மேற்பரப்பு சட்டென்று குளிரும். இழுவிசை ஒரேயடியாக ஏறும்.
- காற்று: காற்றும் வறட்சியும் சேர்ந்தால் மேல்தளத்து ஈரம் வேகமாகப் போய்விடும்.
- சிமெண்ட் வகை: ஃப்ளை ஆஷ் அல்லது ஸ்லாக் கலந்த சிமெண்ட் மெதுவாக இறுகும். கலவையில் இறுகலைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தாலும் அப்படித்தான்.
- ஜல்லி: கடினமான கருங்கல் ஜல்லி என்றால் சீக்கிரம் வெட்டும்போது பிய்ந்து வரும் வாய்ப்பு அதிகம். சுண்ணாம்புக்கல் போன்ற மென்மையான ஜல்லி என்றால் கொஞ்சம் முன்னதாகவே வெட்டலாம்.
- அடித்தளம்: கீழ்த்தளம் சொரசொரப்பாக இருந்தால் பிடிமானம் அதிகம், விரிசலும் சீக்கிரம். நெடுஞ்சாலைகளில் கீழ்க் கான்கிரீட்டுக்கும் மேல் கான்கிரீட்டுக்கும் நடுவே 125 மைக்ரான் பாலித்தீன் ஷீட் விரிப்பது இதற்காகத்தான். வழுக்கிக்கொடுத்தால் இழுவிசை குறையும்.

மே மாத வெயிலில் ஒரு நாள்: எங்கே தவறு நடக்கும்?

தமிழ்நாட்டின் உள்மாவட்டம் ஒன்றில் மே மாதம் ஒரு ரோடு போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

காலை 8 மணிக்குக் கான்கிரீட் கொட்டுகிறார்கள். சிமெண்டின் வேதிவினை சூடு உச்சத்துக்கு வரும் நேரமும், உச்சி வெயிலும் ஒன்றாகச் சேரும். மதியம் பலகையின் உள்சூடு வெளிக்காற்றை விட எங்கோ போய்விடும். மாலை 4, 5 மணிக்கெல்லாம் வெட்டுவதற்குத் தயார்.

ஆனால் அந்த நேரத்தில் மெஷின் வரவில்லை. வந்தது, டீசல் இல்லை. டீசல் வந்தது, பிளேடு தேய்ந்துபோச்சு. மணி 7 ஆகிவிட்டது. கோடை மழை இடியோடு ஒரு போடு போடுகிறது. சூடான பலகை சட்டென்று குளிர்கிறது. மழை விட்டு மெஷினை ஸ்டார்ட் செய்யும்போது, குறுக்கே முதல் விரிசல் ஏற்கெனவே ஓடியிருக்கும்.

இதே வேலையை சாயங்காலமோ ராத்திரியோ தொடங்கினால் நிலைமை வேறு. சிமெண்டின் சூடு ராத்திரி குளிர்ச்சியில் கொஞ்சம் தணியும். உச்ச சூடும் குறையும், அதிலிருந்து குளிரும் அளவும் குறையும். வெயில் காலத்தில் கான்கிரீட் வேலையை மாலைக்கு மேல் வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் அப்போது கட்டிங் நேரம் விடியற்காலையில் வரும். அந்த நேரத்தில் ஆபரேட்டர் அங்கே இருக்கணும். லைட் இருக்கணும்.

களத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

கடிகாரத்தை மட்டும் பார்த்து வெட்டுவதில்லை. அனுபவமுள்ள ஆட்கள் ஆணியையோ கத்தி முனையையோ வைத்து மேற்பரப்பைக் கீறிப் பார்ப்பார்கள். ஆழமாகப் பதிந்தால் இன்னும் பச்சை. மேலோட்டமான வெள்ளைக் கீறல் மட்டும் விழுந்தால் நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து, சோதனையாகக் கொஞ்ச தூரம் வெட்டிப் பார்ப்பார்கள். ஓரம் அதிகமாகச் சிதறினால் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி. மிகச் சுத்தமாக, துளி கூடச் சிதறாமல் வந்தால்? சந்தோஷப்படக் கூடாது. நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறியாக இருக்கலாம்.

பெரிய திட்டங்களில் கான்கிரீட்டுக்குள் வெப்பநிலை சென்சார் புதைத்து, அது எவ்வளவு சூட்டில் எவ்வளவு நேரம் இருந்தது என்பதை வைத்து இறுகலைக் கணக்கிடுவார்கள். அமெரிக்காவில் மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்துக்காக 'ஹைப்பர்பேவ்' என்ற மென்பொருளையே உருவாக்கினார்கள். அன்றைய வானிலை, கலவை, ரோட்டின் கனம் போன்ற விவரங்களைக் கொடுத்தால், முதல் சில நாட்களில் இழுவிசை எப்போது பலத்தைத் தாண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லும்.

விரிசல் முந்திக்கொண்டால் என்ன செய்வார்கள்?

வெட்டிக்கொண்டிருக்கும்போதே பிளேடுக்கு முன்னால் விரிசல் ஓட ஆரம்பிப்பது உண்டு. தாமதமாகிவிட்டது என்பதற்கு அதுதான் தெளிவான அடையாளம். உடனே அந்த வெட்டை நிறுத்திவிட வேண்டும்.

அப்போது செய்யும் ஒரு வழி, எல்லாக் கோட்டையும் வரிசையாக வெட்டாமல், மூன்று நான்கு கோடுகளுக்கு ஒன்று என்று தாவித் தாவி வெட்டுவது. இழுவிசை முதலில் கொஞ்சம் தணியும். பிறகு திரும்பி வந்து விட்டுப்போனதை வெட்டுவார்கள். இது அவசரத்துக்கு மட்டும்தான். முதலில் வெட்டிய கோடுகள் மட்டும் அதிகமாக விரிந்துகொள்ளும் சிக்கல் இதில் உண்டு.

நேரம் தவறாமல் இருக்க மெஷின் எண்ணிக்கையும் முக்கியம். ஒரு நாளில் 500 மீட்டர் நெடுஞ்சாலை போடுகிறார்கள், 4.5 மீட்டருக்கு ஒரு கோடு என்றால், 111 குறுக்குக் கோடுகள் வெட்டணும். எல்லாம் சில மணி நேரத்துக்குள். ஒரே மெஷினை வைத்துக்கொண்டு இதை முடிக்க முடியுமா? கூடுதல் மெஷின், கூடுதல் பிளேடு, தண்ணீர் டேங்கர், ராத்திரி விளக்கு எல்லாம் கான்கிரீட் கொட்டும் முன்பே தயாராக இருக்கணும்.

எவ்வளவு ஆழம்? எத்தனை மீட்டருக்கு ஒன்று?

வெட்டின் ஆழம், ரோட்டின் கனத்தில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை. 300 மில்லிமீட்டர் கனமுள்ள நெடுஞ்சாலை என்றால் 75 முதல் 100 மில்லிமீட்டர். 150 மில்லிமீட்டர் கனமுள்ள தெரு ரோடு என்றால் சுமார் 40 முதல் 50 மில்லிமீட்டர். முதல் வெட்டின் அகலம் 3 முதல் 5 மில்லிமீட்டர்.

மேலோட்டமாக ஒரு கீறல் போட்டுவிட்டு "கட்டிங் முடிஞ்சது" என்றால் விரிசல் அந்தக் கோட்டை மதிக்காது. நேரம் சரியாக இருந்தாலும் ஆழம் குறைந்தால் வேலை வீண்.

இந்திய நெடுஞ்சாலைகளில் குறுக்குக் கோடுகள் பொதுவாக 4.5 மீட்டருக்கு ஒன்று. கனம் குறைவான ஊரகச் சாலைகளில் 2.5 முதல் 4 மீட்டருக்கு ஒன்று. நெடுஞ்சாலை கான்கிரீட் வேலைகளுக்கு இந்திய சாலை காங்கிரஸின் ஐஆர்சி 15, ஊரகச் சாலைகளுக்கு ஐஆர்சி எஸ்பி 62 ஆகிய வழிகாட்டி நூல்கள் இருக்கின்றன.

நெடுஞ்சாலைகளில் இந்தக் கோட்டுக்கு அடியில் 'டவல் பார்' எனப்படும் வழவழப்பான இரும்புக் கம்பிகள் இருக்கும். ஒரு பலகையில் ஏறும் லாரியின் பாரத்தை அடுத்த பலகைக்குக் கடத்துவது அவைதான். கோடு சரியாகக் கம்பியின் நடுவுக்கு மேலே வர வேண்டும். இடம் தவறி வெட்டினால் கம்பி இருந்தும் பயனில்லை. அதனால் கான்கிரீட் கொட்டும் முன்பே இரண்டு ஓரத்திலும் அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

சீக்கிரமே வெட்டும் மெஷின் இருக்கா?

இருக்கு. 'எர்லி என்ட்ரி' எனப்படும் எடை குறைந்த கட்டர், மேற்பரப்பை மட்டப்படுத்தி முடித்த 1 முதல் 4 மணி நேரத்திலேயே வெட்டும். பிளேடு வெளியே வரும் இடத்தில் ஒரு தகடு மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்வதால் ஓரம் சிதறாது. இழுவிசை உருவாகும் முன்பே வெட்டிவிடுவதால் ஆழமும் குறைவாகவே போதும்.

ஆனால் இந்த மெஷின்கள் பெரும்பாலும் தண்ணீர் இல்லாமல் வெட்டுபவை. அங்கேதான் இன்னொரு ஆபத்து இருக்கிறது.

வெட்டுபவரின் நுரையீரல் யார் பொறுப்பு?

கான்கிரீட்டில் மணலும் ஜல்லியும் இருக்கிறது. அதை அறுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூசி பறக்கும். அது நுரையீரலுக்குள் போய்ப் படிந்தால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. தடுப்பது மட்டும்தான் வழி.

தண்ணீர் ஊற்றி வெட்டினால் பெருமளவு தூசி அடங்கிவிடும். பிளேடும் சூடாகாது. தண்ணீர் இல்லாமல் வெட்டும் மெஷின் என்றால் தூசியை உறிஞ்சும் கருவியும், முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் முகக்கவசமும் கட்டாயம். முகத்தில் கட்டிய துண்டு, கைக்குட்டை இதற்குப் போதாது.

ராத்திரி 2 மணிக்கு, தூசிக்கு நடுவே, "சீக்கிரம் முடி" என்ற அவசரத்தில் நிற்கும் அந்தத் தொழிலாளிக்கு நேரம் மட்டும் முக்கியமில்லை. மூச்சும் முக்கியம்.

மெஷின் இல்லாத சின்னத் தெருவில் என்ன வழி?

சின்ன வேலைகளில் ஒன்று விட்டு ஒன்றாகக் கட்டம் கட்டிக் கான்கிரீட் போடும் பழைய முறை உண்டு. முதலில் 1, 3, 5-ஆம் கட்டம். அவை இறுகிய பிறகு 2, 4, 6. கட்டங்களுக்கு நடுவே இயல்பாகவே இணைப்பு வந்துவிடும். பச்சைக் கான்கிரீட்டில் பட்டையை அழுத்திப் பதிய வைத்துப் பள்ளம் உண்டாக்கும் முறையும் இருக்கிறது.

மெஷினால் அறுப்பதற்கு முந்தைய காலத்தில் உலகமே இப்படித்தான் செய்தது. அமெரிக்காவின் ஓஹியோ மாநிலம் பெல்ஃபான்டெயினில் 1891-ல் ஜார்ஜ் பார்தலோமியூ போட்ட கான்கிரீட் தெருதான் அந்நாட்டின் முதல் கான்கிரீட் சாலை என்று சொல்லப்படுகிறது. அங்கேயும் ஒரே நீளப் பலகையாகப் போடவில்லை. சின்னச் சின்னக் கட்டங்களாகத்தான் போட்டார்கள்.

விரிசல் விட்டாச்சு... ரோடே போச்சா?

அவசியமில்லை. முதல் சில மணி நேரத்தில் மேற்பரப்பு காய்வதால் வரும் மெல்லிய, ஆழமில்லாத விரிசல்கள் வேறு. கோடு தவறி, ரோட்டின் முழுக் கனத்துக்கும் இறங்கும் விரிசல் வேறு. கோர் எடுத்துப் பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும்.

ஆழமில்லாததை எபாக்ஸி ஊற்றி அடைக்கலாம். நீளவாக்கில் முழு ஆழத்துக்குப் போன விரிசலை, இரண்டு பக்கமும் சாய்வாகத் துளையிட்டுக் கம்பி செருகித் 'தைக்கலாம்'. பலகை துண்டு துண்டாகிவிட்டால் அந்தப் பலகையை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடணும். விரிசல் மேல் சிமெண்ட் பால் பூசி மறைப்பது இதில் எதுவுமே இல்லை.

மும்பையில் 2023-ல் தொடங்கிய பெரிய அளவிலான கான்கிரீட் சாலைத் திட்டத்திலும் புது சாலைகளில் விரிசல் புகார்கள் எழுந்தன. தரத்தைக் கண்காணிக்க ஐஐடி மும்பையின் உதவியை மாநகராட்சி நாடியது. எல்லா விரிசலுக்கும் கட்டிங் நேரம்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கலவை, க்யூரிங், அடித்தளம், கட்டிங் என நான்கையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

உங்க தெருவில் ரோடு போட்டால் எதைக் கவனிக்கலாம்?

- கான்கிரீட் கொட்ட ஆரம்பிக்கும்போதே கட்டிங் மெஷின் அங்கே வந்திருக்கிறதா?
- இன்று மாலை அல்லது ராத்திரி யார், எத்தனை மணிக்கு வெட்டப் போகிறார்கள்?
- ஒரு ஸ்கேலை கோட்டுக்குள் விட்டுப் பார்த்தால், ரோட்டின் கனத்தில் நான்கில் ஒரு பங்காவது ஆழம் இருக்கிறதா?
- வெட்டி முடித்ததும் மறுபடி ஈரச் சாக்கு போடுகிறார்களா? கட்டிங்குக்காக எடுத்த சாக்கை மறந்துவிடுவது வழக்கம். க்யூரிங் 14 நாளாவது தொடரணும்.
- பிறகு கோட்டைச் சுத்தம் செய்து சீலண்ட் வைக்கிறார்களா? திறந்தே கிடந்தால் தண்ணீரும் கல்லும் உள்ளே போகும். வெயிலில் ரோடு விரியும்போது உள்ளே மாட்டிய கல் ஓரத்தை உடைக்கும்.

சரியாகப் போட்ட சிமெண்ட் ரோடு 30 வருஷம் உழைக்கும் என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்படுகிறது. அந்த 30 வருஷத்தில் அதற்கு மிக ஆபத்தான நேரம், லாரிகள் ஓடும் நேரம் அல்ல. ஒரு சைக்கிள் கூட ஏறாத, அந்த முதல் ராத்திரிதான்.